கறுப்பு ராஜாவும் அழுகல் வாழைப்பழமும்

பூச்சி பார்க்கிற உத்தியோகத்தில் வெயில், கொசு, முள் எல்லாவற்றையும் தாங்கிக்கொள்ளலாம், "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்ற கேள்வியைத்தான் தாங்க முடியாது.

கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் உங்கள் வேலையைப் பொறுமையாக விளக்கி முடித்ததும், "அது சரி, பிழைப்புக்கு என்ன பண்றீங்க?" என்று அவர் கேட்டிருக்கிறாரா? அப்படியானால் நீங்களும் நம் கட்சிதான். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மயிலாப்பூரில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். இயற்கை ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சின்ன அமைப்பு. அடையாறு ஆற்றை ஒட்டி மிச்சமிருக்கும் பழைய தோப்புகளில் என்னென்ன வண்ணத்துப்பூச்சிகள் இருக்கின்றன என்று பார்த்துச் சொல்வது என் வேலை. அதிலும் முக்கியமாக ஒன்றைத் தேட வேண்டும். ஆங்கிலத்தில் அதற்கு பிளாக் ராஜா என்று பெயர். நாங்கள் கறுப்பு ராஜா என்போம். கறுப்பு இறக்கை, குறுக்கே வெளிர்மஞ்சள் பட்டை, பின்னிறக்கை ஒவ்வொன்றிலும் இரண்டு குட்டி வால்கள். நெருக்கமாக மரம் நிற்கும் இடத்தில், உச்சிக் கிளையில் உட்கார்ந்துகொண்டு, அந்தப் பக்கம் வருகிற எதையும் விரட்டும். குருவியாக இருந்தாலும் விரட்டும். முட்டை வைப்பது புளிய இலையில். சென்னையில் புளியமரம் அங்கங்கே உண்டு. சுற்றிக் காடுதான் இல்லை. அதனால் ராஜாவும் இல்லை என்றுதான் எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். இருக்கிறது என்று அடம் பிடித்தவன் நான் ஒருவன்.

கரப்பான் இலாகா

அடையாறில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அதன் பின்சுவருக்கு அந்தப் பக்கம் பழைய பங்களாத் தோப்பு. ஆலும் இலுப்பையும் வேம்பும் பின்னிக்கொண்டு நிற்கும். சுவருக்கு இந்தப் பக்கம், கார் நிறுத்தும் இடத்தின் மூலையில், ஒரு பெரிய புளியமரம். ராஜா இந்த ஊரில் எங்கேயாவது இருந்தால் இங்கேதான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. வாசலில் செக்யூரிட்டியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் இன்டர்காமை எடுத்து, "சார், பூச்சிக்காரர் வந்திருக்காரு" என்றார். உடனே மேலே வரச் சொன்னார்கள். இவ்வளவு சுலபமாக எனக்கு எங்கேயும் அனுமதி கிடைத்ததில்லை.

குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் வெங்கடேசன் வீட்டுக்கு லிஃப்டில் போனேன். அறுபதைத் தாண்டியவர், வேகமாகப் பேசுவார், அதைவிட வேகமாக நடப்பார். என் கையைப் பிடித்து நேரே சமையலறைக்கு அழைத்துப் போனார். அலமாரியில் இருந்த பாத்திரமெல்லாம் சாப்பாட்டு மேஜையில் அடுக்கியிருந்தது. அவர் மனைவி சரஸ்வதி, பருப்பு டப்பாக்களுக்குத் துணி போட்டு மூடிக்கொண்டிருந்தார். "சிங்குக்கு அடியில்தான் ஜாஸ்தி" என்று வெங்கடேசன் டார்ச்சை என் கையில் கொடுத்தார்.

நான் கரப்பான் பூச்சிக்கு மருந்து அடிக்க வரவில்லை, மரத்தில் இருக்கும் பூச்சியைப் பார்க்க வந்தேன் என்று விளக்கினேன். "பார்த்துட்டு?" என்றார். "குறிச்சுக்குவேன் சார்." "கொல்ல மாட்டீங்க?" "மாட்டேன்." அவர் மேஜையில் இருந்த பாத்திரக் குவியலைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மரத்தடியில் நிற்க அனுமதி கொடுத்தார். கொடுக்கும்போது சொன்னார்:

"சும்மா பார்த்துட்டுப் போறதுக்கு லிஃப்ட் எதுக்கு, படியில வந்திருக்கலாமே."

ஆரோக்கியம் அக்காவின் கோபம்

கறுப்பு ராஜாவுக்குப் பூ பிடிக்காது. உச்சியிலிருந்து அது கீழே இறங்குவதே அழுகல் வாசனைக்குத்தான். அழுகின பழம், மரத்தில் கசியும் பால், செத்த நண்டு, சாணி, இதைவிட மோசமானது, எல்லாம் அதற்கு விருந்து. பட்டு உடுத்திய ராஜா குப்பைத் தொட்டியில் சாப்பிடுவது போலத்தான். அவரை இறக்க வேண்டுமானால் அவருக்குப் பிடித்ததை வைக்க வேண்டும்.

பட்டினப்பாக்கத்திலிருந்து வந்து மயிலாப்பூரில் மீன் விற்கும் ஆரோக்கியம் அக்காவிடம் எங்கள் வீட்டில் ரொம்ப வருஷமாக வாங்குகிறோம். அவரிடம் போய், "அக்கா, நல்லாக் கெட்டுப்போன இறால் கொஞ்சம் வேணும்" என்றேன். அக்கா கத்தியைக் கீழே வைத்தார். "இன்னா சொன்னே?" மறுபடியும் சொன்னேன். கூடையைச் சுற்றி நின்ற இரண்டு மூன்று பேர் குனிந்து மீனை மோந்து பார்க்க ஆரம்பித்தார்கள். ஒருவர் பையை மடித்துக்கொண்டு நகர்ந்தே போய்விட்டார்.

"காலைல கடலுக்குப் போய் வந்த சரக்கு. வியாபார நேரத்துல வந்து நின்னுக்கினு இன்னா பேச்சு பேசறே நீ" என்றார். நான் குரலைத் தாழ்த்தி, எனக்குச் சாப்பிட இல்லை, ஒரு ராஜாவுக்கு என்றேன். அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. கடைசியில் இறால் கிடைக்கவில்லை, அறிவுரைதான் கிடைத்தது. நின்றிருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அக்கா சொன்னார்:

"கெட்டுப்போனது வோணும்னா ஏசி போட்டுக் கண்ணாடிப் பொட்டியில வச்சு விக்கிறான் பாரு, அங்க போ நைனா. என்கிட்ட கெட்டுப்போற வரைக்கும் எதுவும் நிக்காது."

சச்சா பார்த்துவிட்டார்

இறால் இல்லாவிட்டால் என்ன, வாழைப்பழம் இருக்கிறதே. கறுத்துப்போன பூவன் பழத்தை வெல்லத்தோடு பிசைந்து, கொஞ்சம் ரம் ஊற்றி, மூடிவைத்து நாலைந்து நாள் புளிக்கவிட வேண்டும். பூச்சி பார்க்கிற எல்லோருக்கும் தெரிந்த பக்குவம் இது. பழம் சுலபமாகக் கிடைத்தது. பழக்கடைக்காரர் குப்பையில் போட வைத்திருந்த சீப்பைக் கொடுத்துவிட்டு, வீட்டில் மாடு இருக்கிறதா என்று கனிவோடு விசாரித்தார். ரம்தான் பிரச்சினை. என் பெயர் ஜமால். எங்கள் குடும்பத்தில் யாரும் அதைத் தொட்டதில்லை. நானும் தொட்டதில்லை. என்ன கேட்டு வாங்க வேண்டும் என்றே தெரியாது.

மயிலாப்பூரில் வாங்கினால் தெரிந்தவர் யாராவது பார்ப்பார்கள் என்று தி. நகர் போனேன். ஒயின் ஷாப் கம்பிக்குள் கையை நீட்டி, "எது சீக்கிரம் வாசனை வரும்?" என்று கேட்டேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். மரியாதையாக ஒதுங்கி இடம் விட்டார்கள். பாட்டிலைப் பழைய நாளிதழில் சுற்றிக்கொண்டு திரும்பினால், எதிரே என் சச்சா. அத்தாவின் கூடப்பிறந்த தம்பி. ரங்கநாதன் தெருக் கடைக்குச் சரக்கு போட்டுவிட்டு மாம்பலம் ஸ்டேஷனுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

கையில் இருப்பது என்ன என்று அவர் கேட்கவில்லை. நானாகவே எல்லாவற்றையும் சொன்னேன். காடு, ராஜா, புளியமரம், வாழைப்பழம், வெல்லம். சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை குறைந்துகொண்டு வந்தது. சச்சா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். வீட்டில் சொல்வாரோ என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். என் தோளில் கை வைத்து மெதுவாகச் சொன்னார்:

"குடிக்கிறவன் கவலைங்குவான், உடம்பு வலிங்குவான். பூச்சி கேட்டுச்சுன்னு சொன்னவனை நான் இன்னிக்குத்தான் பார்க்கிறேன். வா, ஒரு டீ சாப்பிட்டுட்டு நிதானமாப் போகலாம்."

டாமியின் தொண்டு

புளித்த வாழைப்பழத்தைத் தகர டப்பாவில் வைத்துப் புளியமரக் கிளையில் கட்டினேன். எறும்பு வந்தது. ஈ வந்தது. காக்கா வந்து டப்பாவோடு தூக்கப் பார்த்தது. ராஜா வரவில்லை. நான் தினமும் காலையில் போய்க் கழுத்து வலிக்க உச்சியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். குடியிருப்பில் எல்லோருக்கும் நான் பழகிப்போனேன். பால்காரர், பேப்பர்காரர், பூச்சிக்காரர்.

ஒருநாள் பத்து மணி வெயிலில், தலைக்கு மேலே எதுவோ சரேலென்று இறங்கியது. என் டப்பாவை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மரத்தடியில், சுவர் ஓரத்தில், முதல் மாடி ஜெயலக்ஷ்மி மாமியின் நாய் டாமி காலையில் போட்டுவிட்டுப் போயிருந்த சமாசாரத்தின் மேல் உட்கார்ந்தது. இறக்கையை விரித்தது. கறுப்பு, குறுக்கே மஞ்சள் பட்டை, இரண்டிரண்டு வால். இத்தனை நாள் இல்லை இல்லை என்று மற்றவர்கள் சொன்ன ஒன்று, நான் கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில், நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அந்த இடத்திலேயே மண்டியிட்டு உட்கார்ந்து படம் எடுத்தேன். மூன்றாம் மாடியிலிருந்து யாரோ ஜன்னலைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

அந்த வாரம் சங்கக் கூட்டம், அனுமதி கேட்டு நானும் போய் ஓரமாக உட்கார்ந்தேன். புளியமரத்தை வெட்டுவதுதான் முதல் விஷயம். இலை கொட்டி கார் பாழாகிறது, இன்னும் இரண்டு கார் நிறுத்தலாம், புளியமரம் வீட்டுக்கு ஆகாது என்று வெங்கடேசன் காரணங்களை அடுக்கினார். அனுமதியும் வாங்கி வைத்திருந்தார். இரண்டாவது விஷயம், டாமி வளாகத்தில் அசுத்தம் செய்வது. நான் எழுந்து ராஜாவின் படத்தைக் காட்டினேன். அழகாக இருக்கிறது என்றார்கள். எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று ஒருவர் கேட்டார். சொன்னேன். மரம் வேண்டும், முடிந்தால் இதுவும் ஓர் ஓரமாகக் கொஞ்சம் இருந்தால் நல்லது என்றும் சொன்னேன். கூட்டம் அப்படியே நின்றுபோனது. எத்தனையோ மாதமாக எல்லோரிடமும் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்த ஜெயலக்ஷ்மி மாமி, புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு எழுந்தார்:

"கேட்டுக்கோங்கோ. எங்காத்து டாமி இத்தனை நாளா அசுத்தம் பண்ணலை, அன்னதானம் பண்ணிண்டிருந்திருக்கான்."

கண்ணாடி போட்டவர்

கூட்டத்தில் முடிவு எதுவும் எட்டப்படவில்லை. வெங்கடேசன் மட்டும் முடிவோடுதான் இருந்தார். இதற்கிடையில் தாழ்ந்த கிளை ஒன்றில் புளிய இலையின் மேல் ஒரு புழுவைக் கண்டுபிடித்தேன். சுண்டுவிரல் நீளம், இலையின் அதே பச்சை, தலையில் கிரீடம் மாதிரி நான்கு கொம்பு. ராஜாவின் வாரிசு. அது கூட்டுப்புழுவாகிப் பறந்துவிட்டால், இந்த மரத்துக்கு ராஜா சும்மா வந்து போகவில்லை, குடும்பமே நடத்துகிறார் என்று நிரூபித்துவிடலாம். காலையும் மாலையும் வந்து பார்த்துவிட்டுப் போனேன்.

ஒருநாள் காலையில் அந்தக் கிளை மொட்டையாக நின்றது. கொழுந்தெல்லாம் காணோம். புழுவையும் காணோம். செக்யூரிட்டியைக் கேட்டேன். மூன்றாம் மாடி பத்மாவதி அம்மா வந்து பறித்துப் போனார்களே என்றார். பத்மாவதி அம்மா நெல்லூர்ப் பக்கத்துக்காரர். புளியங்கொழுந்து போட்டுப் பருப்பு செய்வது அவர்கள் வீட்டில் விசேஷம். அன்றைக்கு மகள், மருமகன் வருகிறார்களாம். லிஃப்டுக்குக் காத்திராமல் படியேறி ஓடினேன். கதவைத் திறந்ததும் குக்கர் விசில் அடித்தது. என் முகத்தைப் பார்த்து அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார். "புழு" என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது.

அவர் உள்ளே போய் ஒரு டப்பர்வேர் டப்பாவைக் கொண்டுவந்தார். மூடியில் ஊசியால் துளை போட்டிருந்தார். உள்ளே நாலு புளிய இலை, அதன் மேல் கொம்போடு ராஜகுமாரன், எதுவும் நடக்காதது போலத் தின்றுகொண்டிருந்தான். "கொம்பெல்லாம் வச்சிக்கிட்டு மொறைச்சுதா, தூக்கிப்போட மனசு வரல" என்றார். டப்பாவை நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். என் கண் கலங்கியிருந்ததை அவர் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன். ஆறுதலாகச் சொன்னார்:

"நல்லவேளை தம்பி, நான் கண்ணாடி போட்டுக்கிட்டு கீரை ஆயறவ. எங்க வீட்டுக்காரர் ஆஞ்சிருந்தா இந்நேரம் தாளிச்சிருப்போம்."

பிள்ளைத்தாச்சி

புழுவைப் பக்கத்துக் கிளையில் இலை இருக்கும் இடமாகப் பார்த்துக் கொண்டுபோய் விட்டேன். சில நாளில் அது தலைகீழாகத் தொங்கி, பச்சைக் கொட்டை போன்ற கூடாக மாறியது. நான் நிம்மதியாக மூச்சு விட்ட மறுநாள், மரம் வெட்டுகிற ஆட்கள் வந்துவிட்டார்கள். கயிறு, கத்தி, ரம்பம், டெம்போ, எல்லாமும் கூடவே. வெங்கடேசன் முன்னால் நின்று எந்தக் கிளையிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று காட்டிக்கொண்டிருந்தார். அவர் விரல் நீட்டியது கூடு இருந்த கிளை.

நான் குறுக்கே போய் நின்றேன். ஜெயலக்ஷ்மி மாமி டாமியோடு வந்து நின்றார். பத்மாவதி அம்மா மேலிருந்து குரல் கொடுத்தார். அனுமதி இருக்கிறது என்றார் வெங்கடேசன். ஆள்களின் தலைவர் முனுசாமி, அரைக் கால்சட்டையும் தலையில் துண்டுமாக, எங்கள் சண்டை முடியட்டும் என்று பீடியைப் பற்றவைத்தார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இன்னாதான் சார் கீது அந்தக் கிளையில?" என்றார். அழைத்துப் போய்க் காட்டினேன். உள்ளே ஓர் உயிர் உருவாகிக்கொண்டிருக்கிறது, இன்னும் ஒரு வாரத்தில் வெளியே வரும் என்றேன். "அப்ப புள்ளத்தாச்சி மாதிரி" என்றார் அவர். அறிவியல்படி அப்படி இல்லை. கூட்டில் இருப்பது தாயும் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் அறிவியல் பேச நான் பைத்தியமா? "ஆமா" என்றேன்.

முனுசாமி பீடியை அணைத்துவிட்டு ஆள்களைக் கூப்பிட்டார். கயிற்றைச் சுருட்டச் சொன்னார். வெங்கடேசன் கத்திப் பார்த்தார், பிறகு கெஞ்சிப் பார்த்தார். வீட்டில் மருமகள் முழுகாமல் இருக்கிறாள், இந்த வேலையை நான் செய்ய மாட்டேன், வேறு ஆளைப் பாருங்கள் என்று முனுசாமி தீர்த்துச் சொல்லிவிட்டார். டெம்போ கிளம்பியது. கேட்டைத் தாண்டும்போது ஜன்னலில் தலையை நீட்டி என்னிடம் சொன்னார்:

"டெலிவரி ஆனதும் ஒரு போன் போடு சார். சும்மா தெரிஞ்சிக்கத்தான்."

அசையாத செயலாளர்

வெங்கடேசனுக்கு வேறு ஆள் கிடைப்பதற்குள் கூடு கறுத்து, உள்ளே இறக்கையின் மஞ்சள் பட்டை நிழலாகத் தெரிய ஆரம்பித்தது. மறுநாள் ஞாயிறு. விடிந்ததும் போனேன். குடியிருப்பில் பாதிப் பேர் மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பிளாஸ்கில் காபி. யாரோ ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி மெதுவாகப் பேசச் சொன்னார்கள். கூடு வெடித்தது. கசங்கின துணி மாதிரி ஒன்று வெளியே வந்து தொங்கியது. கொஞ்சம் கொஞ்சமாக இறக்கை விரிந்தது. ஒருவர்கூட போனைப் பார்க்கவில்லை.

வெங்கடேசன் மட்டும் இந்தப் பக்கமே வராமல், வளாகத்தைச் சுற்றிச் சுற்றி வேக நடை போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் எங்களைப் பார்த்து முறைத்துவிட்டுப் போவார். சட்டை வியர்வையில் ஒட்டிப்போயிருந்தது. இறக்கை காய்ந்ததும் ராஜா கிளம்பியது. புதிதாக வெளிவந்தது வழக்கமாக நேரே உச்சிக்குத்தான் போகும். இது போகவில்லை. ஒரு வட்டம் அடித்தது. நடந்து வந்துகொண்டிருந்த வெங்கடேசனின் தோளில், நனைந்த சட்டையின் மேல் உட்கார்ந்து, குழலை நீட்டி உறிஞ்ச ஆரம்பித்தது. வியர்வையின் உப்பு அதற்கு வேண்டும். அசையாதீர்கள் என்றேன். அவர் ஒரு காலைத் தூக்கின நிலையில் நின்றார். பிறகு அந்தக் காலை மட்டும் மெதுவாகக் கீழே வைத்தார்.

அப்படியே நின்றார். வெயில் ஏறியது. சட்டைப் பையில் போன் அடித்து ஓய்ந்தது, எடுக்கவில்லை. வியர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது, துடைக்கவில்லை. கண்ணை மட்டும் ஓரமாகத் திருப்பித் தோளைப் பார்த்தார். "இன்னும் இருக்கா?" என்று உதட்டை அசைக்காமல் கேட்டார். "இருக்கு சார்" என்றேன். அந்த முகத்தில் நான் அதுவரை பார்த்திராத ஒன்று வந்தது. குழந்தை மடியில் தூங்கிவிட்டால் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பார்களே, அந்த முகம். மாம்பலத்தில் கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்று பட்டுப் புடவையில் இறங்கி வந்த சரஸ்வதி அம்மா, கணவர் நிற்கும் கோலத்தைப் பார்த்து நின்றுவிட்டார். ராஜா எழும்பி, சுவரைத் தாண்டி, தோப்பின் உச்சியில் மறையும் வரை எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு சரஸ்வதி அம்மாதான் சொன்னார்:

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இவர் ஒரு இடத்துல சும்மா நின்னு நான் பார்த்ததே இல்லை."

அடுத்த கூட்டத்தில் மரத்தை வெட்டுவதில்லை என்று வெங்கடேசனே முன்மொழிய எல்லோரும் கை தூக்கியதைச் சாட்சியாக நின்று பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அபூர்வமான காட்டுப் பூச்சியைத் தேடிப் போனவர்கள் இந்த ஊரில் சிலராவது இருப்பார்கள், குடியிருப்போர் சங்கம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டதைக் கண்ணால் பார்த்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.